பலர் எழுதும் நிரலும் பாடபேதமும்

நூலொன்றை ஒருவர் எழுதுவதும் அதனைப் பலர் படிப்பதும் நாம் வழிவழியாக அறிந்த முறை. கணிப்பொறிக்கான நிரல்களோ இன்று பெரும்பாலும் பலரால் எழுதப்படுகின்றன. ஒருவரையொருவர் கண்டறியாதவர்கள், ஒருவர் பட்டுக்கோட்டையிலும் இன்னொருவர் கோலாலம்பூரிலும் மற்றொருவர் யாழ்ப்பாணத்திலும் அமர்ந்து, ஒரே நிரலின் ஒரே பக்கத்தை ஒரே இரவில் திருத்துகிறார்கள். மறுநாட் காலையில் அம்மூன்று திருத்தங்களும் ஒரு நிரலாக வேண்டும். அதனை எவ்வாறு செய்வது, யாருடைய திருத்தம் நிற்பது, நின்றதற்கும் நீங்கியதற்கும் என்ன சான்று வைப்பது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். கணிப்பொறித் துறையினர் இதனை வெறும் தொழில்நுட்பச் சிக்கல் என்றே கருதுகின்றனர். என் கருத்து வேறு. ஒரு நூலின் பல படிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிவதும், ஒவ்வாத பாடங்களைச் சான்றோடு குறித்து வைப்பதும் தமிழ் படித்தோரின் தொழில். அத்தொழிலையே இன்று கணிப்பொறி மாணாக்கர் தம்மையறியாமல் செய்து வருகின்றனர். செய்வது இன்னதென்று அறியாமையால் பலர் பிழைபடவும் செய்து வருகின்றனர்.

உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழ் கற்பித்தவருமான உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. ஊர் ஊராகத் தேடித் தொகுத்த ஏடுகள் ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை. ஓர் ஏட்டில் உள்ள அடி மற்றோர் ஏட்டில் இல்லை. ஒன்றில் ஒரு சொல், வேறொன்றில் வேறு சொல். போதாக்குறைக்கு, ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கமில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றின. இவற்றினிடையே ஐயரவர்கள் ஒரு பாடத்தைத் துணிந்து மேலே வைத்து, ஏனையவற்றைப் பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் காட்டினார். தாம் ஒதுக்கியதைத் தமக்குப் பின் வருவோர் காணவேண்டும் என்பது அவர் கொண்ட நெறி.

இரண்டு ஏடுகள் முரண்பட்டால் எழும் சிக்கல் யாது? ஓர் அடி முதல் ஏட்டில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. முதல் ஏட்டை எழுதியவர் அதனைப் புதிதாகச் சேர்த்தாரா, அன்றி இரண்டாவதை எழுதியவர் கைமறதியாய் விட்டுவிட்டாரா? இரண்டு ஏடுகளை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வினாவுக்கு எவராலும் விடை கூற இயலாது. இரண்டுக்கும் மூலமான தாய் ஏடு கிடைத்தால் ஒரு நொடியில் விடை கிடைத்துவிடும். தாய் ஏட்டில் அவ்வடி இருந்தால் இரண்டாமவர் விட்டிருக்கிறார். இல்லையேல் முதலாமவர் சேர்த்திருக்கிறார். பதிப்பாசிரியர்களுக்குத் தாய் ஏடு கிடைப்பது அரிது. அது கறையானுக்கும் வெள்ளத்துக்கும் இரையாகி எத்தனையோ தலைமுறை ஆகியிருக்கும்.

நிரல் எழுதுவோருக்கு அந்தத் தாய் ஏடு எப்போதும் கைவசம் உள்ளது. இதுதான் இரண்டு தொழில்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. நிரலின் ஒவ்வொரு நிலையையும் சேமித்து வைக்கும் முறை 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவர் உருவாக்கிய கருவியிலிருந்து தொடங்குகிறது. அக்காலக் கருவிகளில் ஒரு கோப்பை ஒருவர் திருத்த எடுத்தால் அதற்குப் பூட்டு விழும். அவர் திருப்பித் தரும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். 1986இல் தோன்றிய சி.வி.எஸ். என்னும் கருவி பூட்டை அகற்றியது. எவரும் எப்போதும் திருத்தலாம், பின்னர் இணைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. 2005ஆம் ஆண்டு ஏப்ரலில், லினக்ஸ் இயங்குதளத்தைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் அதுவரை பயன்படுத்திய வணிகக் கருவியின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டதால், கிட் என்னும் புதிய கருவியைத் தாமே எழுதினார். இன்று உலகில் எழுதப்படும் நிரல்களில் மிகப் பெரும்பகுதி கிட்டின் வழியே நடைபெறுகிறது. ஒவ்வொருவர் கணிப்பொறியிலும் நிரலின் முழு வரலாறும் இருக்கும். அவரவர் தத்தம் கிளையில் எழுதுவர். இணைக்கும்போது இரண்டு கிளைகளும் எந்த நிலையிலிருந்து பிரிந்தன என்று கிட் தேடிக் கண்டு, அந்தத் தாய் நிலையோடு இரண்டையும் ஒப்பிடும். ஒருவர் மட்டுமே மாற்றிய வரியை ஏற்கும். இருவரும் ஒரே வரியை இருவேறு வகையில் மாற்றியிருந்தால், முரண் என்று அடையாளமிட்டு நின்றுவிடும். பாடம் துணியும் பொறுப்பு மனிதருக்கே விடப்படுகிறது.

இதுவரை கருத்து வேறுபாடு ஏதுமில்லை. இணைத்ததை வரலாற்றில் எவ்வாறு எழுதி வைப்பது என்பதில்தான் நிரலாளர்கள் மூன்று கட்சியாகப் பிரிகின்றனர். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஏட்டுக் கணக்கைக் கொண்டு விளக்கினால் எளிதில் விளங்கும். இரண்டு பங்காளிகள் இரண்டு கடைகளில் தனித்தனிக் குறிப்பேடு எழுதி வருகிறார்கள் என்று கொள்வோம். முதல் முறையில், இரண்டு குறிப்பேடுகளும் உள்ளபடியே வைக்கப்பட்டு, ‘இன்ன நாளில் இவ்விரு கணக்கும் சேர்க்கப்பட்டன’ என்று ஒரு புதிய பதிவு எழுதப்படும். இதுவே இணைப்புப் பதிவு. இரண்டாம் முறையில், இரண்டாம் கடையின் பதிவுகள் அனைத்தையும் முதற்கடையின் கடைசிப் பதிவுக்குக் கீழே, ஒரே ஏட்டில் ஒரே கடையில் நடந்தவை போல மறுபடி படியெடுத்து எழுதுவர். பழைய ஏட்டைப் புறக்கணித்துவிடுவர். இதனை ரீபேஸ் என்பர். மூன்றாம் முறையில், இரண்டாம் கடையின் முப்பது நாட் பதிவுகளும் சுருக்கப்பட்டு ‘மாத விற்பனை இவ்வளவு’ என்று ஒரே வரியாகும். இது ஸ்குவாஷ் எனப்படும். கிட்ஹப் தளம் இம்மூன்றையும் 2016 முதல் பொத்தான்களாகவே வைத்துள்ளது. எவரும் சிந்தியாமல் ஏதேனும் ஒன்றை அழுத்திவிடலாம்.

வணிகம் பயின்ற மாணாக்கர் எவரும் அறிந்த விதி ஒன்றுண்டு. குறிப்பேட்டில் எழுதியதை அழிக்கலாகாது. பிழை நேர்ந்தால் அதற்கெனத் திருத்தப் பதிவு எழுத வேண்டும். அழித்து எழுதிய ஏட்டைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார். தொகை சரியாக இருந்தாலும் ஏற்கமாட்டார். கிட்டிலும் திருத்தப் பதிவுக்கு வழியுண்டு. தவறான பதிவொன்றை நீக்க விரும்புவோர் அதற்கு நேர்மாறான புதுப்பதிவை இடலாம். பழையதும் நிற்கும், அதனை மாற்றியதும் நிற்கும், மாற்றியவர் பெயரும் காரணமும் நிற்கும்.

ஆயினும் ரீபேஸை அடியோடு கடிபவன் அல்லேன். தன் கணிப்பொறியில் மட்டும் இருப்பதை ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் அடித்துத் திருத்தி எழுதிக்கொள்ளட்டும். கட்டுரையின் முதற்படியை எவரும் அச்சுக்கு அனுப்புவதில்லை அல்லவா? ‘எழுத்துப்பிழை திருத்தம்’, ‘மறுபடியும் எழுத்துப்பிழை’, ‘இப்போது சரி’ என்று பதினான்கு பதிவுகளை ஊரறிய வைப்பதில் யாருக்கும் பயனில்லை. ஆனால் மற்றவர் கைக்குச் சென்றபின் திருத்துவது வேறு செயல். ஒவ்வொரு பதிவுக்கும் கிட் 40 இடம் கொண்ட ஓர் அடையாளக் குறியைக் கணக்கிட்டுத் தருகிறது. பதிவின் உள்ளடக்கம், எழுதியவர், நேரம், அதற்கு முந்தைய பதிவு ஆகிய அனைத்தும் அக்கணக்கில் சேரும். எனவே நடுவில் ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்வரும் எல்லாக் குறிகளும் மாறிவிடும். பழைய குறியை நம்பித் தம் கிளையைத் தொடங்கியிருந்த தோழர்கள் நிற்கும் தரை நழுவிவிடும். லினக்ஸ் கருநிரலை எழுதுவோருக்கான ஆவணங்களிலும், பிறர் அடிப்படையாகக் கொண்டுவிட்ட வரலாற்றை மாற்றி எழுதாதீர் என்றே அறிவுறுத்தப்படுகிறது. ஆயிரக்கணக்கானோர் கூடி எழுதும் நிரலில் அவ்வாறு செய்யாமல் காலந்தள்ள முடியாது.

ஸ்குவாஷ் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. நம் மாணாக்கரின் நலன் அதில் அடங்கியிருக்கிறது. ஒரு நிறுவனத்தில் ஊதியம் பெற்று வேலை செய்வோர் தம் பதிவுகளைச் சுருக்கிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை; அங்கே யார் என்ன செய்தார் என்பதற்கு வேறு பதிவேடுகள் உண்டு. ஊதியம் இன்றித் தமிழுக்காக எழுதப்படும் கட்டற்ற மென்பொருள்களின் நிலை வேறு. எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை 2013 அளவில் தொடங்கி, தன்னார்வலர் பலரோடு வளர்த்து வந்த ஓப்பன்-தமிழ் என்னும் நிரல்தொகுப்பை எடுத்துக்கொள்வோம். தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்தல், பழைய எழுத்துருக் குறிமுறைகளை ஒருங்குறிக்கு மாற்றுதல், எழுத்துப்பிழை காணல் முதலிய பணிகளுக்கு வேண்டிய கருவிகள் அதில் உள்ளன. இவற்றை எழுதியோர் பெற்ற கூலி, வரலாற்றில் நிற்கும் அவர்தம் பெயரும் நாளுமே. சிற்றூர்க் கல்லூரியில் பயிலும் மாணவி ஒருத்தி இத்தகைய தொகுப்பில் ஐந்து வரி திருத்தினாலும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘இது நான் எழுதியது, இன்ன நாளில் எழுதியது, இன்னார் சரிபார்த்து ஏற்றார்’ என்று சுட்டிக்காட்ட அவளுக்கு ஒரு சான்று கிடைக்கிறது. பெருநகரத்துக் கல்லூரியின் பெயர் இல்லாதவர்க்கு அச்சான்றின் அருமை தெரியும்.

கட்டளை வழியே ஸ்குவாஷ் செய்தால், சுருக்கிய அந்த ஒரே பதிவு, சுருக்கியவர் பெயரில் நிற்கும். நான்கு மாணாக்கர் ஒரு கிளையில் எழுதியதை வழிகாட்டி ஒருவர் இவ்வாறு சேர்த்தால், நான்கு பேர் உழைப்பும் அவர் பெயருக்குப் போய்விடும். அவர் நேர்மையாளராகவே இருக்கலாம். கருவி அதைப் பார்ப்பதில்லை. கிட்ஹப் தளத்தின் பொத்தானை அழுத்தினால் உடன் எழுதியோர் பெயர்கள் குறிப்பின் கீழே சேரும் என்பது உண்மையே. ஆனால் எந்த வரி யாருடையது என்ற பகுப்பு அங்கும் போய்விடுகிறது. மூன்றாண்டு கழித்து ஒரு பிழை வெளிப்பட்டு, ‘இவ்வரியை ஏன் இப்படி எழுதினீர்கள்’ என்று கேட்க விரும்புவோர் யாரைக் கேட்பர்? இன்னொரு தீங்கும் உண்டு. ஸ்குவாஷ் செய்தபின் அதே கிளையில் தொடர்ந்து எழுதினால், அக்கிளை முன்பே இணைந்துவிட்டது என்பது கிட்டுக்குத் தெரியாது. தாய் நிலை பழைய இடத்திலேயே நிற்கும். ஆகவே ஏற்கெனவே தீர்த்த முரண்கள் மீண்டும் மீண்டும் எழும். இதனை அறியாத மாணாக்கர் தம் கருவி கெட்டுவிட்டதாக நினைத்துக் களஞ்சியத்தையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதும் உண்டு.

மறுதரப்பார் கூறுவதையும் கேட்க வேண்டும். இணைப்புப் பதிவுகள் பெருகினால் வரலாறு இருப்புப்பாதைச் சந்திப்புப்போல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், படிக்க இயலாது என்பர். ஒரே நேர்கோடாக இருந்தால் பிழை புகுந்த இடத்தைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது என்பர்; அம்முறையில் ஆயிரம் பதிவுகளிடையே ஏறத்தாழ பத்துச் சோதனைகளில் குற்றவாளிப் பதிவு அகப்பட்டுவிடும். வலுவான வாதம்தான். ஆனால் இணைப்புப் பதிவுகளை மட்டும் வரிசையாகக் காட்டுமாறும் கிட்டிடம் கேட்கலாம். அப்போது கிளைகள் மறைந்து நேர்கோடே தெரியும். பிழை தேடும்போதும் முதற்கிளை வழியே மட்டும் தேடும் வசதி 2020இல் வந்துவிட்டது. சுருங்கப் பார்க்க விரும்புவோர் சுருக்கிப் பார்க்கலாம், விரித்துப் பார்க்க விரும்புவோர் விரித்துப் பார்க்கலாம். சுருக்கி எழுதிவிட்டாலோ விரிக்க வழியில்லை. அடிக்குறிப்போடு கூடிய பதிப்பில் மூலத்தை மட்டும் படிக்க எவரும் தடை செய்வதில்லை.

இனித் தமிழுக்கே உரிய ஒரு முரணைப் பற்றிக் கூறுகிறேன். ஆங்கிலத்தில் மட்டும் நிரல் எழுதுவோர் இதனைச் சந்திப்பது அரிது; நம்மவரோ அடிக்கடி சந்தித்துத் திகைக்கின்றனர். ‘கொ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒன்று. ககரத்தை அடுத்து ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. ‘கோ’வுக்கும் ‘கௌ’வுக்கும் இதே நிலைதான். ஒருங்குறி நெறிப்படி இவை இரண்டும் ஒரே எழுத்தின் சமமான வடிவங்கள். ஆனால் வரிகளை ஒப்பிடும் கருவி எழுத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எண்களையே பார்க்கிறது. ஒருவர் ஒரு விசைப்பலகை மென்பொருளில் ‘கொள்முதல்’ என்று தட்டுகிறார். வேறொருவர் பழைய ஆவணத்திலிருந்து மாற்றிய ‘கொள்முதல்’ என்ற அதே சொல்லை ஒட்டுகிறார். கிட் முரண் என்று நிறுத்துகிறது. மேலே ஒரு ‘கொள்முதல்’, கீழே ஒரு ‘கொள்முதல்’. எழுத்தெண்ணிப் பார்த்தாலும் வேறுபாடு தெரிவதில்லை. ‘ஔ’ என்னும் உயிரெழுத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவோரும், எகரத்துக்குப் பதில் அதைப் போன்றே தோன்றும் ஏழு என்னும் தமிழ் எண்ணை இடுவோரும் இவ்வகையினரே. ஓலையில் காலையும் ரகரத்தையும் வேறு பிரிக்க முடியாமல் ஐயரவர்கள் பட்ட பாட்டை நூற்றாண்டுக்குப் பிறகு கணிப்பொறி நமக்கு வேறு உருவில் தந்திருக்கிறது. இதற்கு மருந்து இணைக்கும் நேரத்தில் இல்லை. களஞ்சியத்துக்குள் வரும் தமிழ் அனைத்தும் ஒரே வடிவில் ஒழுங்குபடுத்தப்பட்ட பின்னரே பதிவாக வேண்டும் என்று முதல் நாளே விதி செய்து, அதனைத் தானாகச் சோதிக்கும் சிறு நிரலொன்றை வாயிலில் நிறுத்த வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத முரண் இது. கருவிக்கே தெரியாத முரணும் ஒன்றுண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. ஒருங்குறிக்கோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகள். கோப்பில் அது கொள்ளும் இடம் 15 பைட்டுகள். ஒரு மாணவர் எழுத்தெண்ணும் பகுதியை மூன்று என்று விடை வருமாறு திருத்துகிறார். வேறொரு கோப்பில் மற்றொரு மாணவர், அப்பகுதி ஐந்து என்று சொல்லும் என நம்பி யாப்புச் சோதனை ஒன்றை எழுதுகிறார். இருவரும் ஒரே வரியைத் தொடவில்லை. ஆகவே கிட் இரண்டையும் யாதொரு தடையுமின்றி இணைத்துவிடும். வெண்பாவுக்குத்தான் தளை தட்டும். முரணின்றி இணைந்தது என்பதற்குப் பொருளொத்து இணைந்தது என்று பொருளன்று. ஆதலின் ஒவ்வோர் இணைப்புக்குப் பின்னும் சோதனைகள் ஓடியே ஆகவேண்டும். சோதனையற்ற களஞ்சியத்தில் எந்த இணைப்பு நெறியைத் தேர்ந்தாலும் ஒன்றுதான்.

மென்பொருள்களைத் தமிழாக்கும் பணியில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அங்கே இணைப்பு முரண் என்பது பெரும்பாலும் சொல் முரணே. தமிழகத்தார் கணினி என்பர், இலங்கையில் கணனி என எழுதுவோர் பலர். ஒருவர் ‘திருத்து’ என்று எழுதியதை மற்றவர் ‘தொகு’ என்று மாற்றுவார். இத்தகைய முரண் வரும்போது ‘எம்முடையதையே கொள்க’ என்னும் பொருள்படும் ஒரு வழியைக் கிட் வைத்திருக்கிறது. அதனை ஏவினால் எதிர்க்கிளை முழுவதும் இணைந்துவிட்டதாக வரலாற்றில் பதிவாகும். ஆனால் அக்கிளையில் எழுதப்பட்ட ஒரு சொல்லும் உள்ளே வந்திராது. எதிர்க்கிளையார் தம் பணி ஏற்கப்பட்டதென்று மகிழ்ந்திருப்பர். கைவிட்ட கிளையை முறைப்படி மூடிவைப்பதற்கென்று அவ்வழிக்குத் தக்க பயன் உண்டு. சோம்பலினாலோ பிடிவாதத்தினாலோ தமிழாக்கத்தில் அதனைக் கையாள்வது அறமாகாது. ஒருங்குறிச் சேர்த்தியம் பேணிவரும் வட்டார வழக்குத் தரவில் நல்லதொரு முன்மாதிரி இருக்கிறது. அங்கே தமிழுக்கென்று ஒரு பொதுக் கோப்பு உண்டு; இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றுக்குத் தனிக் கோப்புகளும் உண்டு. தனிக் கோப்புகளில் முழுத் தமிழும் திரும்ப எழுதப்படுவதில்லை; பொதுவிலிருந்து வேறுபடுவன மட்டுமே குறிக்கப்படுகின்றன. இலட்சக் கணக்கில் காற்புள்ளி இடும் இந்திய வழக்கும், ஆயிரம் ஆயிரமாய் இடும் மலேசிய வழக்கும் ஒன்றையொன்று அழிக்காமல் அருகருகே நிற்கின்றன. மூலமும் பிரதிபேதமும் என்ற அதே அமைப்பு இது.

கிளை எத்தனை நாள் தனித்திருக்கலாம் என்பது இறுதியாக எண்ணத்தக்கது. கல்லணையில் பிரியும் ஆறுகளைப் போலக் கிளைகள் பிரிகின்றன என்று உவமை கூறலாம். ஆனால் ஆறு பிரிந்தால் பெரும்பாலும் கடலில்தான் சேரும், நிரற்கிளை தாயோடு சேர்ந்தாக வேண்டும். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருப்போர்க்கு ஒன்று தெரியும்: தலைப்பிலிருந்து தொலைவு கூடக்கூட வந்து சேரும் நீர் குறையும், தகராறு மிகும். நிரற்கிளையும் அவ்வாறே. இரண்டு நாளில் இணையும் கிளையில் முரண் எழுந்தால் அது நான்கு வரி. எழுதியவருக்கு நினைவும் இருக்கும். ஒரு பருவம் முழுதும் தனித்திருந்து தேர்வுக்கு முந்திய இரவில் இணையும் கிளையில் முரண் நானூறு வரியாகும். யார் ஏன் எழுதினார் என்பது எழுதியவருக்கே மறந்திருக்கும். அந்நிலையில் மாணாக்கர் செய்வது ஒன்றே: மிகப் பெரிய கோப்பை வைத்திருப்பவரின் நிரலை முழுதாக ஏற்று மற்றவர்களுடையதை எறிந்துவிடுவர். எறியப்பட்டது பெரும்பாலும் குழுவில் குரல் தாழ்ந்தவருடையதாக இருக்கும் என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே நம் கல்லூரியில் கூட்டாக நிரல் எழுதும் மாணாக்கர்க்கு நான் பரிந்துரைப்பது இணைப்புப் பதிவு முறையையே. கிளைகள் சிறியனவாக இருக்கட்டும். வாரத்துக்கு இருமுறையேனும் பொதுக்கிளையில் இணையட்டும். தம் கணிப்பொறியில் இருக்கும்வரை எவ்வளவும் திருத்தட்டும். பொதுவில் வைத்தபின் திருத்தப் பதிவு மட்டுமே செல்லுபடியாகட்டும். இணைப்பவர் எழுதியவராக இராமல் வேறொருவராக இருத்தல் நலம். முரண் நிரலைப் பற்றியதாயின் கணிப்பொறித்துறை ஆசிரியரும், சொல்லைப் பற்றியதாயின் தமிழ்த்துறை ஆசிரியரும் பாடம் துணியட்டும். துணிந்த காரணம் இணைப்புப் பதிவின் குறிப்பில் இரண்டு வரியாவது தமிழில் எழுதப்படட்டும். திட்டப்பணிக்கு மதிப்பெண் இடுவோர் முடிந்த நிரலை மட்டும் பாராமல் பதிவு வரலாற்றையும் திறந்து பார்த்து, யார் எதை எழுதினார் என்று அறிந்து மதிப்பெண் இடுவார்களாக.

இவ்விதிகளைத் தனிச் சுற்றறிக்கையாக வெளியிட வேண்டிய தேவையில்லை. வரும் பருவத்தில் இறுதியாண்டுத் திட்டப்பணி தொடங்கும் நாளன்று, ஒவ்வொரு களஞ்சியத்திலும் முதற்கோப்பாக இவற்றை எழுதி வைத்தால் போதும். அக்கோப்பின் கீழே குழுவினர் அனைவரும் தத்தம் பெயரைத் தத்தம் கணிப்பொறியிலிருந்து ஒரே வேளையில் சேர்க்க முற்படட்டும். எல்லாரும் ஒரே வரியில் எழுதப் புகுவதால் அங்கேயே முதல் முரண் எழும். ஆசிரியர் உடனிருக்கும்போதே அதனைத் தீர்த்துப் பழகிக்கொள்ளலாம்.